தோற்பதற்கென்றே ஓர் அணி, ஜெயித்துக்கொண்டே இருந்த ஓர் அணி: ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் பற்றிப் பேசலாமா?

கூடைக்காரன்

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறேன். சம்பளமெல்லாம் இல்லை, பழைய பழக்கம். போன வாரம் லே-அப் (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் பந்தைப் போடுவது) வரிசையில் நின்ற ஒரு பையன் பந்தை விரல் நுனியில் சுற்றவிட முயன்றுகொண்டே இருந்தான். “கோமாளித்தனம் பண்ணாதேடா, ஒழுங்கா ஆடு” என்று ஓர் அதட்டல் போட்டேன். அவன் சும்மா இருக்காமல், “சார், இது குளோப்டிராட்டர்ஸ் பண்றது. அவங்களுக்கு ஒழுங்கா ஆடத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டான்.

குளோப்டிராட்டர்ஸ் என்ற அமெரிக்க வேடிக்கைக் கூடைப்பந்து அணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட அரைக்கால் சட்டை, விசில் பாட்டு, வாளி நிறையக் காகிதத் துண்டு. அவ்வளவுதான். ராத்திரி படிக்க உட்கார்ந்தேன், நான்கு நாள் போனதே தெரியவில்லை. படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது: ஆட்டம் அளவுக்கு மீறிக் கைவந்ததால்தான் இவர்கள் கோமாளி வேஷம் கட்டினார்கள். அதைப் பேசத்தான் இந்த இழை.

கதை சிகாகோவின் தெற்குப் பகுதியில் தொடங்குகிறது. அணி தன் பிறந்த வருடமாகச் சொல்வது 1926. கறுப்பின இளைஞர்கள் சிலர் சவாய் என்ற நடன மண்டபத்தில், நடனம் தொடங்கும் முன் கூட்டம் சேர்ப்பதற்காகக் கூடைப்பந்து ஆடினார்கள். அந்த வட்டத்திலிருந்து ஐந்து பேரைப் பிடித்து ஊர் ஊராக அழைத்துப்போனவர் ஏப் சாபர்ஸ்டைன். லண்டனில் பிறந்து சிகாகோவில் வளர்ந்த யூதர், குள்ளமான ஆள். மேலாளர், பயிற்சியாளர், டிரைவர், எவனுக்காவது கால் பிசகினால் மாற்று ஆட்டக்காரர், எல்லாம் அவரே. முதல் வெளியூர் ஆட்டம் இல்லினாயில் ஹிங்க்லி என்ற சிற்றூரில், 1927 ஜனவரி 7 அன்று.

அந்தக் காலத்தில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதி என்றாலே கறுப்பின மக்களின் தலைநகரம் மாதிரி. போஸ்டரில் அந்தப் பெயர் இருந்தால் வரப்போவது யார் என்று விளக்க வேண்டியதில்லை. குளோப்டிராட்டர்ஸ் என்றால் உலகம் சுற்றுகிறவர்கள். சுற்றியதோ இல்லினாய், அயோவா பக்கத்துப் பனிக்காட்டு ஊர்கள். நிஜமான ஹார்லத்தில் அவர்கள் முதன்முதலாக ஆடியது 1968-ல்!

சரி, காமெடி எங்கிருந்து வந்தது? ஒரு கார், ஐந்தாறு ஆட்கள், தினம் ஓர் ஊர். எதிரணி உள்ளூர்க் கடைக்காரர்கள், விவசாயிகள். நாற்பது ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் அவர்களைத் துவைத்துவிட்டுப் போனால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். வெள்ளையர் ஊரில் வெள்ளையர் அணியை அவமானப்படுத்திவிட்டுப் பத்திரமாக வெளியேறுவதும் அப்படியொன்றும் நிச்சயமில்லை. அதோடு மாற்று ஆட்டக்காரர் இல்லாததால் மூச்சு வாங்க நேரம் வேண்டும். கூடைக்கு அருகில் நின்று ஆடும் சென்டர் இன்மன் ஜாக்சன் பந்தைத் தோளிலும் கைகளிலும் உருட்டிக் காட்டினால் கூட்டம் சிரிக்கும், மற்ற நால்வரும் இளைப்பாறுவார்கள், எதிரணிக்கும் மானம் கொஞ்சம் மிஞ்சும். ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

திருத்தக்காரி

அண்ணா, நல்ல தொடக்கம். ஆனால் ஒரு இடறல். சிகாகோ சவாய் மண்டபம் திறந்ததே 1927 நவம்பரில். அந்த மண்டபத்து அணியிலிருந்து பிரிந்தவர்கள் அதே வருஷம் ஜனவரியில் ஹிங்க்லிக்கு எப்படிப் போவார்கள்? அந்த ஆட்டம் 1929 வாக்கில்தான் நடந்திருக்கும் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சாபர்ஸ்டைன் கதை சொல்வதில் மன்னன். அவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கூடைக்காரன்

ஒத்துக்கொள்கிறேன். அணியின் வலைப்பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதிவிட்டேன்.

வெறும்பார்வை

எல்லாம் சரி நண்பரே. ஆனால் இது விளையாட்டா? முடிவு முன்கூட்டியே தெரியும், நடுவரும் நாடகத்தில் ஒரு பாத்திரம், எதிரணிக்குத் தோற்பதற்கே சம்பளம். டிவியில் வரும் மல்யுத்தத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதில் பெரிய ஆட்டக்காரர்கள் என்று பட்டியல் போடுவது கொஞ்சம் அதிகம்.

கூடைக்காரன்

இப்போதைய காட்சியைப் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயம்தான். நான் சொல்ல வந்ததே வேறொரு காலத்தைப் பற்றி. 1939-ல் சிகாகோவில் தொழில்முறை அணிகளுக்கு உலகப் போட்டி என்று ஒன்று தொடங்கினார்கள். கறுப்பு அணி, வெள்ளை அணி எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. முதல் வருஷம் குளோப்டிராட்டர்ஸ் அரையிறுதியில் நியூயார்க் ரெனசான்ஸ் அணியிடம் 27-23 என்று தோற்றார்கள். மறு வருஷம் அதே ரெனசான்ஸை ஒரே புள்ளியில் வீழ்த்தி, இறுதியில் சிகாகோ புரூயின்ஸைக் கூடுதல் நேரத்தில் 31-29 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். அங்கே வாளியும் இல்லை, காகிதமும் இல்லை.

அடுத்தது 1948 பிப்ரவரி 19. சிகாகோ ஸ்டேடியம், 17,823 பேர். எதிரே மினியாபொலிஸ் லேக்கர்ஸ், இன்றைய லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் மூதாதை. அவர்களிடம் ஜார்ஜ் மைக்கன். ஆறடி பத்தங்குலம், மூக்குக் கண்ணாடி, அந்தக் காலத்தில் அவரை மறித்தவர் என்று யாரும் இல்லை. பாதி ஆட்டத்தில் லேக்கர்ஸ் 32-23 என்று முன்னால். இரண்டாம் பாதியில் மைக்கனை இரண்டு பேர் சேர்ந்து மொய்த்தார்கள். மார்க்கஸ் ஹேய்ன்ஸ் பந்தைத் தட்டியே லேக்கர்ஸை ஓடவிட்டார். 59-59 என்று நிற்கும்போது கடைசி நொடியில் எர்மர் ராபின்சன் தூரத்திலிருந்து ஒரு ஷாட். பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்தது, பந்து உள்ளே. 61-59. ‘தற்செயல்’ என்றார்கள். மறு வருஷம் மறுபடி ஆடினார்கள், மறுபடி குளோப்டிராட்டர்ஸே ஜெயித்தார்கள், 49-45. அதற்குப் பின் வந்த ஆட்டங்களில் லேக்கர்ஸ் கைதான் ஓங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நள்ளிரவு வாசகி

இந்த ஆட்டங்களின் பலனையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1950-ல்தான் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தது. சக் கூப்பர், நேட் ‘ஸ்வீட்வாட்டர்’ கிளிஃப்டன், எர்ல் லாய்ட். இதில் கிளிஃப்டன் குளோப்டிராட்டர்ஸிலிருந்து விலைகொடுத்து நியூயார்க் நிக்ஸ் அணிக்கு வாங்கப்பட்டவர். கூப்பரும் கொஞ்சநாள் அங்கே ஆடியவர். கதவு அதற்கு முன்பே திறக்காததற்கும் சாபர்ஸ்டைன் ஒரு காரணம். என்பிஏ அப்போது ஈயோட்டிக்கொண்டிருந்த லீக். தங்கள் ஆட்டத்தோடு குளோப்டிராட்டர்ஸ் ஆட்டத்தையும் சேர்த்து வைத்தால்தான் அரங்கம் நிறையும். அந்த மனிதரின் ஆட்களை இழுத்து அவரைப் பகைத்துக்கொள்ள முதலாளிகளுக்குப் பயம்.

கதவு திறந்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக லீக் பக்கம் போக ஆரம்பித்தார்கள். ஜெயிப்பதை வைத்துப் பெயர் வாங்குவது இனி நடக்காது என்று ஆனது. அதன் பிறகே காமெடி முழுநேரத் தொழிலானது.

பழைய பிவட்

கூடைப்பந்துக் கோமாளி என்று பேச வந்துவிட்டு கூஸ் டேட்டம் பெயரை இதுவரை யாரும் எடுக்கவில்லையே! தம்பிகளா, மூத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

ரீஸ் டேட்டம், அர்க்கன்சாஸ் மாநிலம் எல் டொராடோவில் 1921-ல் பிறந்தவர். முதலில் பேஸ்பால்காரர், கறுப்பின லீக்குகளில் ஆடினார். அந்தப் பேஸ்பால் அணியின் பெயரே ‘க்ளவுன்ஸ்’, அதாவது கோமாளிகள். பேஸ்பால் மைதானத்தில் பழகிய சேட்டையைக் கூடைப்பந்துக்குக் கொண்டுவந்தார். கைகளை விரித்தால் இந்த நுனியிலிருந்து அந்த நுனி ஏழடி. உயரமோ ஆறடி சொச்சம்தான். அந்தக் கையை வைத்துக்கொண்டு கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலைக்கு மேலே வளைத்து எறிவார். அந்த ஹூக் ஷாட்டைப் பிரபலமாக்கியவர்களில் அவர் முன்வரிசை. நான் ஆடிய காலத்தில் பிவட் (கூடைக்கு அருகில் அதற்கு முதுகைக் காட்டி ஆடும் இடம்) நிற்கிறவன் ஹூக் போடத் தெரியாவிட்டால் மதிக்கவே மாட்டார்கள். அதனால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எதிரணி கூடிப் பேசும் வட்டத்துக்குள் தலையை விட்டு ஒட்டுக்கேட்பார். கீழே விழுந்து செத்தவர் மாதிரி கிடப்பார். சகாக்கள் கை பிடித்துப் பார்ப்பார்கள், விசிறுவார்கள், எழ மாட்டார். கடைசியில் அவருடைய ஷூவையே கழற்றி மூக்கருகே காட்டினால் துள்ளி எழுவார். இந்த மாதிரித் துணுக்குகளுக்கு அவர்களுக்குள் ‘ரீம்’ என்று பெயர். இன்றைக்கும் அந்த அணி ஆடுகிற ரீம்களில் பாதி டேட்டம் போட்ட விதை.

இதில் ஒன்று கவனியுங்கள். நம் கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? ராஜாவைக் கேலி செய்கிறான், கூட்டத்தோடு பேசுகிறான், தாளம் தப்பினால் இழுத்துப் பிடிப்பதும் அவனே. எல்லா வேஷமும் தெரிந்தவன்தான் அந்த வேஷம் கட்ட முடியும். சர்க்கஸிலும் பாருங்கள், பாரில் தொங்கித் தவறி விழுகிற மாதிரி நடிக்கும் ஜோக்கருக்கு மற்றவர்களைவிட நன்றாகப் பார் விளையாடத் தெரிந்திருக்க வேண்டும். டேட்டம் அந்த ஜாதி.

மைதானத்துக்கு வெளியே ஆள் வேறு மாதிரி. முசுடு, தனிமை விரும்பி, சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய்விடுவார். 1955 வாக்கில் அணியைவிட்டு விலகி, 1967-ல் நாற்பத்தைந்து வயதில் காலமானார். கூடைப்பந்து மேதைகளைக் கௌரவிக்கும் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது 2011-ல்.

வெறும்பார்வை

பிவட் சார், கட்டியங்காரன் உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கட்டியங்காரன் ராஜாவைக் கேலி செய்கிறான். இவர்கள் யாரைக் கேலி செய்தார்கள்? வெள்ளைக்காரக் கூட்டம் காசு கொடுத்துக் கறுப்பர்களைக் கோமாளியாகப் பார்த்துச் சிரித்தது என்றும் சொல்லலாமே.

நள்ளிரவு வாசகி

கேட்டீர்களே ஒரு கேள்வி! இதை அந்தக் காலத்திலேயே, கறுப்பின மக்களே கேட்டிருக்கிறார்கள்.

மேலே கூடைக்காரன் சொன்ன ரெனசான்ஸ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். பாப் டக்ளஸ் 1923-ல் தொடங்கியது, கறுப்பினத்தவரே முதலாளி, நிஜமாகவே ஹார்லத்தில் ரெனசான்ஸ் மண்டபத்தில் ஆடிய அணி. 1932-33 பருவத்தில் தொடர்ச்சியாக 88 ஆட்டங்கள் ஜெயித்தார்கள். கோமாளித்தனம் கிடையாது. ஜெயிப்பது, அடுத்த ஊருக்குப் போவது, அவ்வளவுதான். 1939-ல் அந்த உலகப் போட்டியை வென்றதும் அவர்கள்தான். இன்று ரெனசான்ஸ் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹார்லத்தில் இல்லாத அணி ஹார்லம் பெயரோடு உலகப்புகழ் பெற்றது, ஹார்லத்தில் இருந்த அணியை வரலாற்றுப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது. எனக்கு இது உறுத்தும்.

அப்புறம் பில் ரஸ்ஸல் என்ற கறுப்பின ஆட்டக்காரர். 1956-ல் கல்லூரி முடிந்த கையோடு அவரை அணியில் சேர்க்க சாபர்ஸ்டைன் பேச வந்தார். பேசியது ரஸ்ஸலின் பயிற்சியாளரோடு. பக்கத்திலேயே இருந்த ரஸ்ஸலுக்குச் சிரிப்புக் கதை சொல்ல வேறொருவரை விட்டுவிட்டார். என்னிடம் பேசத் தகுதியில்லை என்று நினைக்கிறவரிடம் எனக்கென்ன வேலை என்று ரஸ்ஸல் போயேவிட்டார். பின்னால் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற என்பிஏ அணிக்காக ஆடிப் பதினொரு பட்டங்கள்.

மறுபக்கமும் உண்டு. அறுபதுகளில், உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, ‘இவர்கள் வெள்ளையருக்குப் பல்லிளிக்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டு பலமாக எழுந்தது. கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் அதை ஏற்கவில்லை. அவர்கள் கறுப்பரை முட்டாளாகக் காட்டவில்லை, எதிரணியைவிட மேலானவராகவே காட்டினார்கள் என்றார். யோசித்தால் அதுவும் சரி. ரீம்களில் ஏமாறுகிறவன் யார்? பெரும்பாலும் வெள்ளைக்கார எதிராளி, வெள்ளைக்கார நடுவர். பந்து அவன் கைக்குக் கிடைப்பதே இல்லை. உங்கள் கேள்விக்குப் பதில்: அவர்களும் ராஜாவைத்தான் கேலி செய்தார்கள், ராஜாவே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து சிரித்தார். அதே சமயம் ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர் ஹோட்டலில் அவர்களுக்கு அறை கிடையாது, உணவகத்தில் இடம் கிடையாது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சின்னப்பந்து

நான் இவர்களை முதலில் பார்த்தது கார்ட்டூனில். பேயைத் துரத்துகிற ஒரு பயந்தாங்கொள்ளி நாய் வருமே, அதில் ஒரு பாகத்தில் வந்தார்கள். ரொம்ப நாள் இது கற்பனை அணி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 😅

டொரண்டோ தம்பி

எனக்கு இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும் அண்ணைமாரே. சில வருஷத்துக்கு முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டொரண்டோவில் அவர்களுடைய ஆட்டத்துக்குப் போனேன். பிள்ளைகள் குளோப்டிராட்டர்ஸைப் பார்த்தார்கள். நான் ஆட்டம் முழுக்க எதிரணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாஷிங்டன் ஜெனரல்ஸ்.

ஒருவனுக்குக் கால்சட்டை இறங்குகிறது, இன்னொருவன் பந்தைத் தேடி மேலே பார்க்கிறான், பந்து அவன் முதுகுக்குப் பின்னால். எவ்வளவு துல்லியமாக ஏமாற வேண்டும் தெரியுமா? அரை நொடி பிந்தினால் சிரிப்புப் போச்சு. வீட்டுக்கு வந்து தேடினபோதுதான் ரெட் க்ளாட்ஸ் என்ற மனிதரைப் பற்றி அறிந்தேன். அன்றிலிருந்து எனக்கு இந்தக் கதையில் நாயகன் அவர்தான்.

பிலடெல்பியாக்காரர், ஐந்தடி ஏழங்குலம். 1948-ல் பால்டிமோர் புல்லட்ஸ் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தார், பட்டம் வென்றவர்களிலேயே குள்ளமானவர் என்று இன்றும் சொல்கிறார்கள். பிலடெல்பியா ஸ்பாஸ் அணியில் இருந்தபோது குளோப்டிராட்டர்ஸைத் தோற்கடித்தும் இருக்கிறார். அதைப் பார்த்துத்தான் சாபர்ஸ்டைன் அவரைக் கூப்பிட்டு, எங்களோடு கூடவே பயணம் செய்ய ஓர் எதிரணி வேண்டும் என்றார். 1952-ல் வாஷிங்டன் ஜெனரல்ஸ் பிறந்தது. ஜெனரல் ஐசன்ஹோவர் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்த வருஷம், அவர் நினைவாகவே அந்தப் பெயர். தினம் தினம் ஒரே அணி தோற்றால் சலிக்கும் என்று இடையிடையே சட்டையை மாற்றி பாஸ்டன் ஷாம்ராக்ஸ், நியூ ஜெர்சி ரெட்ஸ் என்று வேறு வேறு பெயர்களில் வருவார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான்.

அவருடைய கட்டளை இதுதான்: ரீம் நடக்கும்போது குறுக்கே போகாதே, மற்ற நேரத்தில் நிஜமாக ஆடு, ஜெயிக்கவே ஆடு. அப்படி ஆடி ஆடி ஆயிரக்கணக்கில் தோற்றார்கள்.

1971 ஜனவரி 5, டென்னசி மாநிலம் மார்ட்டின் என்ற ஊர். அன்றைக்கு அவர்கள் நியூ ஜெர்சி ரெட்ஸ். குளோப்டிராட்டர்ஸ் சேட்டையில் மூழ்கிப் புள்ளிக்கணக்கை மறந்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் இரண்டு நிமிஷம்தான் பாக்கி, 12 புள்ளி பின்னால். அவசர அவசரமாகப் பிடித்து ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 99-98 என்று குளோப்டிராட்டர்ஸ் முன்னால். சில நொடிகள் இருக்கும்போது, ஐம்பது வயது க்ளாட்ஸ், பயிற்சியாளரும் அவரே ஆட்டக்காரரும் அவரே, தூக்கிப் போட்டார். உள்ளே. 100-99. குளோப்டிராட்டர்ஸின் நட்சத்திரம் மெடோலார்க் லெமன் எறிந்த கடைசி ஷாட் தவறியது. 2,495 ஆட்டங்களாக நீண்டிருந்த வெற்றித்தொடர் அந்த ஊரில் அறுந்தது.

கூட்டம் கைதட்டவில்லை. குழந்தைகள் அழுதார்கள். குளோப்டிராட்டர்ஸைத் தோற்கடிப்பது கிறிஸ்துமஸ் தாத்தாவைச் சுட்டது போல என்று க்ளாட்ஸ் பின்னாளில் சொன்னார். உடைமாற்றும் அறையில் ஷாம்பெயின் ஏது? ஆரஞ்சு சோடாவை ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக் கொண்டாடினார்களாம். லெமனுக்கு அன்று கடுங்கோபம், ஆனாலும் அந்த அறைக்கு வந்து வாழ்த்திவிட்டுப் போனார். க்ளாட்ஸ் 2014-ல் காலமானார்.

வெறும்பார்வை அண்ணைக்கு: எழுதிவைத்த நாடகம் என்றால் இந்த ஆட்டம் நடந்திருக்குமா?

வெறும்பார்வை

எழுதியதை மறந்தால் இப்படித்தான் நடக்கும் என்று குதர்க்கம் பேசலாம். ஆனால் ஆரஞ்சு சோடா என்னை வீழ்த்திவிட்டது. பேசாமல் இருக்கிறேன்.

திருத்தக்காரி

இன்னொரு தோல்வியும் உண்டு. 1995 செப்டம்பரில் வியன்னாவில் முன்னாள் என்பிஏ நட்சத்திரம் கரீம் அப்துல்-ஜப்பார் ஓர் அணியைச் சேர்த்துக்கொண்டு வந்து 91-85 என்று ஜெயித்தார். அப்போது நீண்டிருந்த தொடர் 8,829 ஆட்டங்கள். அது ரீம் இல்லாத, சீரியஸான ஆட்டம். அப்போதைய முதலாளி மேனி ஜாக்சன், தானே முன்னாள் குளோப்டிராட்டர். 1993-ல் நொடித்துப்போகும் நிலையில் இருந்த அணியை வாங்கி, மறுபடி நிஜமாக ஆட வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

கூடைக்காரன்

பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகும் டிரிபிளிங் பற்றி நான் சொல்லியாக வேண்டும், என் பிள்ளைகளுக்கு அதுதான் வராதது.

மார்க்கஸ் ஹேய்ன்ஸ், ஓக்லஹோமாவின் சாண்ட் ஸ்பிரிங்ஸ். லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது 1946-ல் குளோப்டிராட்டர்ஸையே 74-70 என்று தோற்கடித்தவர். தோற்கடித்தவரை அணியில் சேர்த்துக்கொண்டார்கள், அந்த விஷயத்தில் சாபர்ஸ்டைன் கெட்டிக்காரர். ஹேய்ன்ஸ் ஒரு நொடிக்கு மூன்று தடவைக்குமேல் பந்தைத் தட்டுவார் என்பார்கள். முழங்காலில், ஒருக்களித்துப் படுத்தபடி, எழுந்து, ஐந்து பேருக்கு நடுவே. இது வெறும் வித்தை என்று நினைக்காதீர்கள். என்பிஏவில் 24 நொடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிய வேண்டும் என்ற கடிகாரம் வந்தது 1954-ல்தான். அதற்கு முன் முன்னிலையில் இருக்கும் அணி பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். கடைசி இரண்டு நிமிஷத்துக்குப் பந்தை ஹேய்ன்ஸ் கையில் கொடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். ஜெயிக்கும் உத்தியே பின்னால் வேடிக்கைக் காட்சி ஆனது.

1953-ல் சம்பளத் தகராறில் விலகினார். பிலடெல்பியா வாரியர்ஸ் 35,000 டாலர் தர முன்வந்தது, வேண்டாம் என்று சொந்தமாக ஹார்லம் மேஜிஷியன்ஸ் அணியைத் தொடங்கினார். பின்னால் டேட்டமும் அதில் வந்து சேர்ந்தார். குளோப்டிராட்டராகவே பெயர் வாங்கிப் புகழ்க்கூடத்தில் நுழைந்த முதல் ஆட்டக்காரர் அவர்தான், 1998-ல்.

அவருடைய வாரிசு கர்லி நீல். மொட்டைத்தலைக்குச் ‘சுருட்டைமுடி’ என்று பட்டப்பெயர்! 1963 முதல் 1985 வரை, 97 நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேல் ஆட்டங்கள். முழங்காலில் சறுக்கிக்கொண்டே தட்டுவதை இப்போதும் பையன்கள் வீடியோவில் பார்த்துக் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வருகிறார்கள். 2020 மார்ச்சில் காலமானார்.

பந்தும் பின்னலும்

ஆண்களாகவே போய்க்கொண்டிருக்கிறதே! ஆல் அமெரிக்கன் ரெட் ஹெட்ஸ் பற்றி யாருக்காவது தெரியுமா? 1936-ல் மிசௌரியின் காஸ்வில் என்ற ஊரில் தொடங்கிய பெண்கள் அணி. தொடங்கியவர் ஓலே ஓல்சன். அவர் மனைவி அழகு நிலையம் நடத்தினார், அதனால் எல்லா ஆட்டக்காரிகளுக்கும் தலைமுடி சிவப்புச் சாயம். இயற்கையாகச் செம்பட்டை இல்லாதவர்கள் மருதாணி போட்டுக்கொண்டார்கள் என்று வாசித்தபோது, என் அம்மா ஞாயிற்றுக்கிழமை தலையில் அரைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி நினைவுக்கு வந்துவிட்டது.

ஊர் ஊராகப் போய் உள்ளூர் ஆண்கள் அணியோடு ஆண்களுக்கான விதிகளின்படியே ஆடினார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் கூடைப்பந்தில் பாதி மைதானத்துக்கு மேல் ஓடக்கூடாது என்றெல்லாம் விதி இருந்தது. இவர்கள் முழு மைதானமும் ஓடி, நடுவில் சேட்டையும் செய்து, பெரும்பாலும் ஜெயித்தும் விட்டார்கள். 1986 வரை ஐம்பது வருஷம். 2012-ல் அணியாகவே புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள்.

குளோப்டிராட்டர்ஸில் முதல் பெண் லினெட் வுடார்ட், 1985-ல். அதற்கு முந்தின வருஷம்தான் ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்குத் தலைவி. உறவினர் கீஸ் ஆஸ்பி குளோப்டிராட்டர் என்பதால் சின்ன வயதிலேயே வீட்டில் பந்து சுழற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர். அமெரிக்காவில் அப்போது பெண்களுக்கு நிலையான தொழில்முறை லீக் இல்லை. உலகின் சிறந்த ஆட்டக்காரிக்கு வேலை கொடுத்தது கோமாளி அணிதான்!

பழைய பிவட்

மெடோலார்க் லெமனை டொரண்டோ தம்பி ஒரு தோல்வியோடு விட்டுவிட்டார், அது நியாயமில்லை.

வட கரோலினாவின் வில்மிங்டன், ஏழைக் குடும்பம். பதினொரு வயதில் சினிமாக் கொட்டகையில் செய்திப்படம் ஓடுகிறது, திரையில் குளோப்டிராட்டர்ஸ். பையன் வீட்டுக்கு ஓடினான். வெங்காயச் சாக்கு, சட்டை மாட்டும் கம்பி, இரண்டையும் சேர்த்துக் கூடை. பந்துக்குக் காலிப் பால் டப்பா. அதில் எறிந்து எறிந்து பழகியவர் ஐம்பதுகளின் நடுவில் அணியில் சேர்ந்தார், 1978 வாக்கில் விலகும்வரை அந்த அணியின் முகமே அவர்தான். மைதானத்தின் நடுக்கோட்டில் நின்று ஹூக் எறிவார். பந்து போய்க்கொண்டிருக்கும்போதே கூட்டத்தோடு பேச்சு. தண்ணீர் வாளியோடு நடுவரைத் துரத்துவார், நடுவர் குனிவார், வாளி கூட்டத்தின்மேல் கவிழும், கொட்டுவது காகிதத்துண்டு. ரப்பர் கட்டிய பந்தால் ஃப்ரீ த்ரோ எறிவார், பந்து பாதி வழி போய்த் திரும்பிக் கைக்கே வரும்.

1958-59-ல் வில்ட் சேம்பர்லின் ஒரு வருஷம் இவர்களோடு ஆடினார். கல்லூரியை முடிக்கும் முன் வெளியேறியவரை என்பிஏ விதி ஒரு வருஷம் சேர்க்காது, அதனால் இங்கே வந்தார். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுக்கப்போகிற அந்த மனிதர், தான் பார்த்ததிலேயே பிரமிக்கவைத்த ஆட்டக்காரர் லெமன் என்று கடைசிக் காலத்தில் சொன்னார். மைக்கேல் ஜோர்டான் பெயரையெல்லாம் சொல்லி, அவர்களுக்கும் மேலே வைத்தார். நட்புக்காகச் சொன்னாரோ என்னவோ, எனக்குத் தெரிந்தவரை சேம்பர்லின் அடுத்தவரை லேசில் புகழ்கிற ஆள் இல்லை.

நள்ளிரவு வாசகி

சேம்பர்லின் இருந்த அந்த அணிதான் 1959-ல் மாஸ்கோ போனது. ஒன்பது ஆட்டங்கள், எல்லாம் நிறைந்த அரங்கு. முதலில் ரஷ்யர்களுக்கு என்ன நடக்கிறது என்றே புரியாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்களாம். அதற்கு முன் 1951 ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக் அரங்கம், 75,000 பேர். இடைவேளையில் ஹெலிகாப்டர் இறங்குகிறது, உள்ளேயிருந்து கறுப்பின ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். 1936-ல் ஹிட்லர் பார்க்க நான்கு தங்கம் வென்ற அதே மைதானம். பனிப்போரில் அமெரிக்க அரசுக்கு இந்த அணி வசதியான தூதர். உள்ளூரில் அறை கொடுக்காதவர்கள் வெளிநாட்டில் ‘பாருங்கள் எங்கள் கறுப்பர்களை’ என்று காட்டிக்கொண்டார்கள். நான் மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன், மன்னிக்கவும்.

சின்னப்பந்து

எல்லாம் இருக்கட்டும் கூடைக்காரன் அண்ணே, அந்தப் பையன் என்ன ஆனான்? விரலில் பந்து நின்றதா?

கூடைக்காரன்

கேட்பீர்கள் என்று தெரியும். நேற்று அவனைக் கூப்பிட்டு, வா, இரண்டு பேருமாகப் பழகலாம் என்றேன். எனக்கும் வராது, அதை ஒத்துக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இரண்டு கையாலும் பந்தைத் திருகி ஒரு சாண் உயரம் தூக்கிப் போட வேண்டும். இறங்கும்போது அடிப்பக்கத்தின் சரியான நடுவில் ஆள்காட்டி விரல். முதலில் விரலின் சதையில் வாங்கி, உடனே நகத்தின் பக்கம் மாற்ற வேண்டும், சதையில் உராய்வு அதிகம், சுழற்சி சீக்கிரம் செத்துவிடும். மற்றக் கையால் பந்தின் இடுப்பில் ஒரே திசையில் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று குறைந்த பந்து உதவாது.

இருபது நிமிஷத்தில் அவன் ஆறு நொடி நிறுத்தினான். எனக்கு இரண்டு நொடி, அதுவும் பக்கத்தில் நின்றவன் எண்ணியது. அப்புறம் வரிசைக்குத் திரும்பி இடதுகை லே-அப் போடச் சொன்னேன். மூன்றும் வெளியே.